'கீவேர்ட் போட்டாச்சா?'ன்னு இனிமே யாரும் கேக்காதீங்க

போன செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்ல ஒரு வெட் கிரைண்டர் கம்பெனிக்குப் போயிருந்தேன். அப்பா ஆரம்பிச்சது, இப்ப பையன் பாத்துக்கறார், பையன்னா அவருக்கே அம்பது வயசு இருக்கும். உக்காந்ததும் டீ சொல்லிட்டு ஒரு ஃபைலை எடுத்து முன்னாடி வெச்சார். "ஏனுங்க தம்பி, நாப்பது கீவேர்டும் கூகுள்ல ஒன்னாம் நம்பர்ல இருக்குதுங்க, மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்பறாங்க, அப்புறம் ஏனுங்க வெப்சைட்டைப் பாத்துட்டு ஒரு போன் கூட வர மாட்டேங்குது?"

பிரிச்சுப் பாத்தேன். கலர் பிரிண்ட் அவுட், பச்சை அம்புக்குறி எல்லாம் மேல பாத்து நிக்குது. முதல் கீவேர்ட், அதாவது ஜனங்க கூகுள்ல தேடறதா இவங்க சொல்ற வார்த்தை, என்ன தெரியுமா? 'பெஸ்ட் குவாலிட்டி டேபிள் டாப் டில்டிங் வெட் கிரைண்டர் மேனுஃபாக்சரர் அண்ட் சப்ளையர் இன் கணபதி கோயம்புத்தூர் தமிழ்நாடு'. இதை எந்த மனுஷன் போன்ல டைப் பண்ணுவான் சொல்லுங்க? ஆளே நடக்காத சந்துல போர்டு மாட்டிட்டு, இந்த சந்துல நம்ம போர்டுதான் பெருசுன்னு அந்த ஏஜென்சிக்காரங்க மாசம் 15,000 ரூபா வாங்கியிருக்காங்க. 11 மாசம். கூட்டிப் பாத்துக்கங்க, 1,65,000. நம்ம சைட் எந்தத் தேடல்ல வந்துச்சுன்னு கூகுளே காட்டற சர்ச் கன்சோலைத் திறந்து அவருக்கே காட்டினேன், அந்த நாப்பதுல முக்கால்வாசி வார்த்தைக்கு இம்ப்ரெஷனே இல்ல, அதாவது சைட் யார் கண்ணுலயும் பட்டதா கணக்கே இல்ல, சொல்லிக்கற அளவுக்கு யாரும் தேடல. ரிப்போர்ட் எடுக்கறதுக்காக அந்த ஏஜென்சிக்காரனே தேடினதுதான் மிச்சம்.

இந்த வருஷம் இது எத்தனாவது கேஸ்னு எண்ணறதையே விட்டுட்டேன், அதனாலதான் இன்னைக்கு உக்காந்து எழுதறேன்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். "சார், கீவேர்ட் போட்டாச்சா?" இந்த 'போடறது'ங்கற வார்த்தைதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம். குழம்புக்கு உப்பு போடற மாதிரி, வயலுக்கு உரம் போடற மாதிரி, வெப்சைட்னு ஒன்னு ரெடியானதுக்கு அப்புறம் மேல தூவறதுதான் கீவேர்ட்னு நினைச்சுட்டிருக்காங்க. 90கள்ல ஆல்டாவிஸ்டா மாதிரி தேடல் தளங்கள் இருந்த காலத்துல பேஜுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம மெட்டா கீவேர்ட்ஸ்னு ஒரு டேக் இருக்கும், அதுல வார்த்தையை எழுதி வெச்சா கொஞ்சம் வேலை செஞ்சது உண்மைதான். அதை எல்லாரும் போட்டு நாறடிச்சாங்க. கூகுள் 2009 செப்டம்பர்லயே வெளிப்படையா சொல்லிடுச்சு, ரேங்கிங்குக்கு நாங்க அந்த டேகைப் பாக்கறதே இல்லைன்னு. 2009ல பொறந்த குழந்தை இன்னைக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்குது, இன்னும் நம்மாளுங்க அதுல 200 வார்த்தை போட்டுட்டு 'எஸ்இஓ முடிஞ்சது', அதாவது தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை முடிஞ்சதுன்னு பில் அனுப்பறாங்க. இந்த கிரைண்டர்காரர் சைட்லயும் இருந்துச்சு, எண்ணிப் பாத்தேன், 143 வார்த்தை, அதுல 'கிரைண்டர்'ங்கறதையே மூணு விதமா ஸ்பெல்லிங் மாத்திப் போட்டிருந்தாங்க.

அதோட விட்டாங்களான்னா இல்ல. பேஜ் அடியில வெள்ளை பேக்ரவுண்ட்ல வெள்ளை எழுத்துல பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், பல்லடம்னு ஒரு பஸ் ஸ்டாண்ட் போர்டே இருக்கு. மவுஸை வெச்சு இழுத்தாத்தான் தெரியும். மறைச்சு வெச்ச எழுத்து, ஒரே வார்த்தையைத் திணிக்கிறது, ஊர்ப்பேரை மட்டும் மாத்தி மாத்தி ஒரே பேஜை அம்பது தடவை போடறது, இதெல்லாம் கூகுளோட ஸ்பேம் பாலிசியில பேர் சொல்லி எழுதியிருக்கற தப்பு. கண்டுபிடிக்காதுன்னு நினைக்கிறீங்களா, உங்களுக்கு முன்னாடி கோடிப்பேர் இதையே பண்ணிப் பாத்துட்டாங்க.

சரி, கீவேர்டுன்னா என்னதான்? கஸ்டமர் வாயில இருக்கற வார்த்தை, அவ்வளவுதான். நீங்க உங்களைப் பத்தி சொல்லிக்கற வார்த்தை இல்ல. அதைக் கண்டுபிடிக்க முதல்ல டூல் எதுவும் வேணாம். அன்னைக்கு நான் என்ன பண்ணேன்னா ஓனரை விட்டுட்டு முன்னாடி கவுண்டர்ல போன் எடுக்கற பொண்ணுகிட்ட போய், "ஏம்மா, போன் பண்றவங்க என்ன கேக்கறாங்க?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு மூச்சு விடாம சொல்லுச்சு: "ரெண்டு லிட்டர் டில்டிங் என்ன விலைன்னு கேப்பாங்கண்ணா, பழைய கிரைண்டருக்கு பெல்ட் தனியா கிடைக்குமாம்பாங்க, கல்லு கொத்தித் தருவீங்களாம்பாங்க, மாவு சூடாகுதும்பாங்க, பையன் அமெரிக்கால இருக்கான் அங்க ஓடற மாதிரி 110 வோல்ட் இருக்காம்பாங்க."

அஞ்சே நிமிஷம். அந்த நாப்பது கீவேர்டை விட உருப்படியான லிஸ்ட் அதுதான். குறிப்பா அந்தக் கடைசி ஒன்னு. 110 வோல்ட் வெட் கிரைண்டர்னு தேடறவங்க கொஞ்சப் பேருதான், ஆனா தேடறவங்க சும்மா தேடல, அடுத்த வாரம் பொட்டி கட்டணும்னு தேடறாங்க. இவர் அந்த மோட்டார் போட்டு பத்து வருஷமா வித்துட்டிருக்கார். சைட்ல? ஒரு வரி கூட இல்ல. "அது எல்லாருக்கும் தெரியுமுங்களே"ங்கறார். யாருக்குத் தெரியும்?

ரெண்டாவது விஷயம், பெரிய வார்த்தை மேல இருக்கற ஆசை. 'கிரைண்டர்'னு தேடினா நம்ம கடை முதல்ல வரணும்ங்கறது எல்லா ஓனருக்கும் இருக்கற கனவு. தேடிப் பாருங்க, இரும்பு அறுக்கற ஆங்கிள் கிரைண்டர் வரும், காபிக்கொட்டை அரைக்கறது வரும், மிச்சம் இருக்கற இடத்துல அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் உக்காந்திருக்கும். அந்த வார்த்தையில ஜெயிச்சாலும் வர்றவன் பாதிப்பேர் வெல்டிங் பட்டறைக்காரன். நான் வழக்கமா பண்றது ரொம்ப சிம்பிள், ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு தோணுச்சுன்னா அதைத் தேடி முதல் பக்கத்தைப் பாப்பேன், முழுக்க பெரிய கடைங்களும் யூடியூபும்னா நகர்ந்துடுவேன், நம்மள மாதிரி சின்ன கம்பெனி ரெண்டு மூணு உள்ள இருந்தா அங்க இறங்குவேன். வீடியோவா வருதுன்னா ஜனங்க பாக்கத்தான் ஆசைப்படறாங்கன்னு அர்த்தம், அங்க போய் விலைப்பட்டியல் பேஜ் வெச்சு என்ன ஆகப்போகுது. கிரைண்டர் பெல்ட் மாட்டறது எப்படின்னு கேக்கறவங்களுக்கு வீடியோ எடுங்க, கீழ பெல்ட் விலையைப் போடுங்க.

டூல் வேணாமான்னா வேணும், ஆனா அது சொல்றதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. கூகுள் கீவேர்ட் பிளானர் ஃப்ரீதான், ஆனா ஒரு வார்த்தையை மாசம் எத்தனை தடவை தேடறாங்கங்கறதுக்கு, விளம்பரத்துக்கு காசு செலவு பண்ணாதவங்களுக்கு 100ல இருந்து 1,000ன்னு மொட்டையா ஒரு கணக்குதான் காட்டும். அதுல 'காம்பெட்டிஷன்'னு ஒரு கட்டம் இருக்கே, அதைப் பாத்துட்டு "சார், போட்டி 'லோ'ன்னு போட்டிருக்கு, ஈசியா வந்துடலாம்"னு சொல்றவங்களை நான் டெய்லி பாக்கறேன். ஐயா, அது விளம்பரம் குடுக்கறவங்களுக்குள்ள இருக்கற போட்டி, விளம்பரக் காசு இல்லாம சும்மா வர்ற ரிசல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க எஸ்இஓ தொழில்லயே பாதிப்பேருக்கு இது தெரியாது, சொன்னா கோச்சுக்குவாங்க.

அதே மாதிரி பிளானர்ல ஜீரோன்னு காட்டினா தேடறவங்களே இல்லைன்னு அர்த்தம் இல்ல. தினமும் வர்ற தேடல்ல சுமார் 15 சதவீதம் அதுக்கு முன்னாடி யாருமே தேடாததுன்னு கூகுளே சொல்லுது. அதுவும் தமிழ்ல தேடறது, தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறது, மைக்கை அமுக்கிப் பேசறது, இதெல்லாம் டூல்ல பாதி வர்றதே இல்ல. எங்க அம்மா இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை டைப் பண்ணினது கிடையாது, போனை வாய்க்கிட்ட வெச்சு 'கிரைண்டர்ல மாவு பொங்க மாட்டேங்குது என்ன பண்றது'ன்னு கேக்கறாங்க. அதுவும் கீவேர்ட்தான். இந்த ஏஐ கிட்ட கேட்டு 200 கீவேர்ட் வாங்கிட்டு வர்றவங்களுக்கு ஒன்னே ஒன்னு, அது அழகா எழுதித் தரும், எத்தனை பேர் தேடறாங்கன்னு கேட்டா ஒரு நம்பரும் அடிச்சு விடும், நம்பிடாதீங்க.

ஏற்கனவே சைட் வெச்சிருக்கீங்கன்னா உங்ககிட்டயே புதையல் இருக்கு, சர்ச் கன்சோல். எந்தெந்த வார்த்தைக்கு உங்க பேஜ் எட்டிப் பாத்துச்சு, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு 16 மாசக் கணக்கு உள்ள இருக்கு, காசு கிடையாது. சராசரி இடம் 8ல இருந்து 20க்குள்ள இருக்கற வார்த்தைங்களைப் பாருங்க, கொஞ்சம் தள்ளினா மேல வரும், புதுசா எங்கயும் போய் மோத வேண்டியதில்ல. கிரைண்டர்காரருக்கு 'டில்டிங் கிரைண்டர் பெல்ட் சைஸ்'ங்கறது 12ல நிக்குது, இதுக்குன்னு பேஜே இல்லாம. பாவம் கூகுளே இவரைக் கையைப் புடிச்சுக் கூப்பிடுது, 11 மாசமா ஒருத்தரும் திறந்து பாக்கல.

அப்புறம் 'கிரைண்டர் விலை', 'கிரைண்டர் ரேட்', 'கிரைண்டர் பிரைஸ்'னு மூணுக்கும் மூணு பேஜ் போடாதீங்க. மூணும் ஒன்னுன்னு கூகுளுக்குத் தெரியும், உங்க பேஜே உங்க பேஜோட சண்டை போடும். சந்தேகமா இருந்தா ரெண்டு வார்த்தையையும் தேடிப் பாருங்க, ஒரே ரிசல்ட் வந்தா ஒரே பேஜ் போதும்.

கூகுள் மேப்ல கடைப் பேருக்குப் பின்னாடி 'பெஸ்ட் கிரைண்டர் ஷாப் இன் கோயம்புத்தூர்'னு சேர்த்திருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, ப்ளீஸ். போர்டுல என்ன பேரோ அதுதான் இருக்கணும்ங்கறது ரூல். தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஒரு பாத்திரக்கடை லிஸ்டிங் இதனாலயே சஸ்பெண்ட் ஆகி, அந்த மனுஷன் ராத்திரி 11 மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதிருக்கார்.

உங்க சொந்த போன்ல தேடிப் பாத்துட்டு "முதல்ல வருது சார்"னு சந்தோஷப்படாதீங்க. நீங்க கடையிலயே உக்காந்து தேடறீங்க, தினமும் அந்த சைட்டையே திறக்கறீங்க, உங்களுக்கு அது வராம வேற எது வரும். பழைய தேடல் எதையும் பாக்காத இன்காக்னிட்டோல போட்டாலும் எந்த ஊர்ல இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியும். ஒன்னாம் இடம் கேரண்டின்னு எவனாவது சொன்னா டீ கூட குடுக்காம அனுப்பிடுங்க, அப்படி யாராலயும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. ரிப்போர்ட் வந்தா ஒரே கேள்வி கேளுங்க: இந்த வார்த்தையில வந்தவங்க எத்தனை பேர், அதுல எத்தனை பேர் போன் பண்ணாங்க?

கிரைண்டர்காரர்கிட்ட நான் இன்னும் ஒரு ரூபா கூட வாங்கல. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க, யார் போன் பண்ணாலும் அவங்க என்ன வார்த்தையில கேக்கறாங்களோ அப்படியே எழுதச் சொல்லுங்க, நீங்க திருத்தாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். நேத்து வாட்ஸாப்ல போட்டோ அனுப்பியிருக்கார், ஒரு வாரத்துல ரெண்டரைப் பக்கம். மூணு பேர் கல்லு கொத்தறதைக் கேட்டிருக்காங்க, ரெண்டு பேர் 110 வோல்ட். கடைசி வரி, 'கழுவும்போது தண்ணி மோட்டார்ல போயிடுச்சு, ஆன் பண்ணலாமா?' அதுக்குப் பக்கத்துல ஓனர் சிவப்பு இங்க்ல எழுதியிருக்கார்: 'பண்ணக் கூடாதுங்க. இதை சைட்ல போடோணும்.'