‘மழை விட்டுடும்தானே?’

இரத்மலானையில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இடையிடையே வாடகைக்கு ஆட்களை ஏற்றிப் போவதும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலை, வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் மனைவியோடும் பலகாரப் பெட்டிகளோடும் வந்து நின்றார். யாழ்ப்பாணத்தில் தங்கை மகளுக்குக் கலியாணம். முகூர்த்தம் ஒன்பதே முக்காலுக்கு. அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதும்தான். ஆனால் எங்கள் ஓடுபாதையின் மறுமுனையே தெரியவில்லை. கடல் பக்கமிருந்து மழை சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது.

“தம்பி, மழை விட்டுடும்தானே? கொஞ்சம் பதிவாப் பறந்து போகேலாதே?”

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சிறிய விமானம் ஒன்று மழையில் விழுந்து ஆட்கள் இறந்தால், தெரிந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “என்ஜின் பழுதா?” என்றுதான். இப்படியான விபத்துகள் பலவற்றில் தரையில் மோதும் வரைக்கும் என்ஜின் நன்றாகவே ஓடியிருக்கும். பழுதாவது விமானியின் காது.

மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அலுவலகத்தில் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. கண்ணைக் கட்டி அதில் உட்கார வைத்து, ஒரே சீராக மெதுவாகச் சுற்றுவேன். 20 விநாடி கழிந்ததும் “நிறுத்திவிட்டீர்கள்” என்பார்கள். நாற்காலி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உண்மையில் நிறுத்தினால், “இப்போது மற்றப் பக்கம் சுற்றுகிறீர்கள்” என்று சத்தியம் செய்வார்கள். உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது திரவம் பின்தங்குவதால்தான் திருப்பம் நமக்குத் தெரிகிறது. திருப்பம் சீராக நீடித்தால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு காது பொய் சொல்லும். தரையில் நிற்கும்போது கண் அதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் அடிவானமே இல்லாதபோது யார் திருத்துவது?

1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேருக்கு வெளிக்காட்சியை மறைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 விநாடி. தேநீர் ஒன்று ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அனுபவம் இருந்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரி 26 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே கலபாசஸ் குன்றில் மோதிய ஹெலிகொப்டரில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்டும் அவருடைய மகளும் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். விமானி 8,000 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தவர். மேகத்துக்கு மேலே வர 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று றேடியோவில் சொன்னார். அந்த நேரம் ஹெலிகொப்டர் இடப்பக்கம் திரும்பியபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை, பாவம். அவருடைய உடம்பு அப்படித்தான் உணர்ந்தது.

அந்த விசாரணையில் என்னை உறுத்திய இடம் வேறு. அவரை யாரும் வற்புறுத்தியதாக ஆதாரம் இல்லை. முக்கியமான வாடிக்கையாளரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தைத்தான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒரு காரணமாகச் சொன்னது. ஒருவரும் வாய் திறக்காமலே அப்படியென்றால், பக்கத்தில் நின்று “மழை விட்டுடும்தானே” என்று கேட்டால்?

கருவிகளைப் பார்த்து ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம். அதற்குத் தனித் தகுதி வேண்டும், ஓயாத பழக்கம் வேண்டும், விமானத்திலும் வசதி இருக்க வேண்டும். இவை இல்லாதவர் பொதுவாக 5 கிலோமீற்றர் தூரமாவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் பறக்கலாம். இடிமேகம் என்றால் எந்தத் தகுதியும் உதவாது. நான் கற்பிக்கும் செஸ்னா 152 என்ற சிறு விமானம் ஆட்களோடும் எரிபொருளோடும் அதிகபட்சம் 757 கிலோ. நிமிடத்துக்கு 700 அடி அளவில் ஏறும். அந்த மேகத்துக்குள் காற்று அதைவிடப் பல மடங்கு வேகத்தில் கீழே இறங்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையில் பளிச்சென்று இருக்கும் வானம், பின்னேரம் இரத்தினபுரிப் பக்கம் கோபுரம் கட்டிவிடும். கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். அப்போது புதுசு. களுத்துறையிலிருந்து கரையோர ரயில் பாதையைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டிருந்தேன். பாணந்துறைக்கு முன்னால் மழை. இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று மேகத்துக்குக் கீழே பதிந்து பதிந்து போனேன். திடீரென்று ரயில் பாதையும் இல்லை, கடலும் இல்லை, எல்லாம் வெள்ளை. விமானம் நேராகப் போகிறது என்று என் உடம்பு சொன்னது. முன்னாலிருந்த கருவி, வலப்பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்றது. அதை நம்பி, சீராக ஒரு நிமிடம் பிடித்து அரைவட்டம் அடித்தேன். அந்த ஒரு நிமிடம் கொஞ்ச நஞ்சமில்லை. கடல் திரும்பக் கண்ணில் பட்டபோது சட்டை நனைந்திருந்தது. அங்கே போகும் முன்னரே திரும்பியிருக்க வேண்டியவன்.

ஆகவே, சுற்றுலாவுக்கோ கோயிலில் பூத் தூவவோ சிறு விமானமோ ஹெலிகொப்டரோ பிடிப்பவர்கள், “இன்றைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை” என்று முதலிலேயே விமானியிடம் சொல்லிவையுங்கள். வாயளவில் சொன்னால் போதாது. ரயில் சீட்டோ வான் வண்டியோ கையில் இருக்க வேண்டும். வழியில் அவர் திருப்பினால் ஏன் என்று கேட்காதீர்கள். இறங்கிய பிறகு கேளுங்கள்.

அன்று நான் ஐயாவிடம் ஏலாது என்றேன். எட்டரைக்கு மழை விட்டது. வெயிலும் அடித்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பறக்காத பயணத்துக்கு இதுதான் கேடு, நான் சொன்னது சரி என்று காட்ட ஒரு சாட்சியும் மிஞ்சாது. முகூர்த்தம் தவறிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தையில் கண்டால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.