வார்டு: சொல் விளக்கம்

கொங்கு நாட்டுக் கிராமத்தில் ஒருவரிடம் “உங்களுக்கு எந்த வார்டுங்க?” என்று கேட்டால் அவர் மூன்று பதில் சொல்லலாம், மூன்றுமே சரியாக இருக்கும். ஊராட்சியில் 4-வது வார்டு, ஒன்றியத்தில் 11-வது வார்டு, மாவட்ட ஊராட்சியில் 7-வது வார்டு என ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் இருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பேசுகிறோம் என்றால் முதல் எண். தேர்தல் கணக்குப் பேச வந்த கட்சிக்காரர் என்றால் அடுத்த இரண்டும்.

உள்ளாட்சி மன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கப் பிரித்து வைத்த பரப்புதான் வார்டு. அளவுதான் மூன்று விதம். மாவட்ட ஊராட்சி வார்டு ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒன்று, ஒன்றிய வார்டு ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று. கிராம ஊராட்சி வார்டில் சில நூறு ஓட்டுகள்தான் இருக்கும். அங்கே நிற்பவர்களுக்குக் கட்சிச் சின்னமும் கிடையாது. கட்டிலோ பூட்டு சாவியோ எதையாவது வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2019 தேர்தலில் இந்தப் பதவிக்குக் கட்டுத்தொகை 200 ரூபாய்.

சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதை அதன் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. தமிழ் மெய்ம்மயக்கத்தில் ர் என்ற மெய்யை அடுத்து டகரம் வராது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்குக் காவல், காப்பவன் என்று பொருள். காவலுக்காகப் பிரித்த நகரப் பகுதிக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு அங்கிருந்து ஆள் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கும் அதுவே நின்றுவிட்டது. ‘கார்டு’ என்று நாம் சொல்லும் காவலாளியும் ‘வார்டன்’ என்று சொல்லும் விடுதிக் காப்பாளரும் இதே வேரில் வந்தவர்கள். ‘காப்பாளர்’ என்று மொழிபெயர்த்தவர் வேரைத் தொட்டுவிட்டார். வார்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

நம் பக்கம் இந்தச் சொல் நகரங்கள் வழியாகத்தான் வந்தது. கோயம்புத்தூரும் சேலமும் 1866-ல் நகராட்சி ஆயின. கிராமத்துக்கு அது பிறகுதான் இறங்கியது.

தமிழில் என்ன சொல்வது? இங்கேதான் சிக்கல். ‘வட்டம்’ என்கிறார்கள். பெருநகரங்களில் கட்சிக்காரர்களுக்கு ‘வட்டச் செயலாளர்’ பதவியே இருக்கிறது. ஆனால் கிராமத்தில் பல்லடம் வட்டம், காங்கேயம் வட்டம் என்றால் தாலுகா. ‘வட்டாரம்’ நல்ல சொல். ஈழத்தமிழர்கள் ஊரை 1-ஆம் வட்டாரம், 2-ஆம் வட்டாரம் என்று இந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலோ அந்த நாற்காலியில் வட்டார வளர்ச்சி அலுவலர் உட்கார்ந்திருக்கிறார், அவர் ஒன்றியம் முழுவதற்கும் ஆள். ‘பிரிவு’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்றால், கொங்கில் பிரிவு என்பது மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடம். 4-வது பிரிவு என்றால் கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிடுவார்.

பழைய சொல் ஒன்று இருக்கிறது: குடும்பு. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஆள் தேர்ந்தெடுத்ததை அவை விவரிக்கின்றன. வரலாற்றாசிரியர்கள் குடும்பை வார்டு என்றே மொழிபெயர்க்கிறார்கள். அது தொண்டை மண்டலத்துப் பிராமணர் சபை, ஊர் மக்கள் எல்லாருக்கும் திறந்த தேர்தல் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் நிற்க முடியாது என்ற விதி அதில் உண்டு. அதை இன்று கொண்டுவந்தால் வேட்பாளர் கிடைப்பது கஷ்டம்! குலுக்கல் மட்டும் இன்றும் ஓரமாக உயிரோடு இருக்கிறது: இரண்டு பேருக்கும் சம ஓட்டு விழுந்தால் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். வார்டுக்கு நேர்ச்சொல் கேட்டால் நான் குடும்பைத்தான் சொல்வேன். ஆனால் ‘4-வது குடும்பு உறுப்பினர்’ என்று நோட்டீஸ் அடித்தால் குடும்பத் தகராறு என்று நினைப்பார்கள், அதுவும் உண்மை.

கொங்கு ஊராட்சி என்பது ஒரே கொத்தாக இருக்கும் ஊர் இல்லை. ஒரு பாளையம், அதைச் சுற்றி இரண்டு வலசு (சிற்றூர்), ஒரு புதூர், ஒரு காலனி, நடுவே தோட்டத்துச் சாளைகள் (தோட்ட வீடுகள்) என்று சிதறிக் கிடக்கும். வார்டுக் கோடு இவற்றுக்கு நடுவில்தான் போகிறது. அதனால் எண்ணைச் சொல்வதைவிட “அந்த வளவு மெம்பரு” என்பதுதான் வழக்கம் (வளவு என்றால் வீடுகள் சேர்ந்திருக்கும் குடியிருப்பு). பெண்களுக்கு 1996-ல் மூன்றில் ஒரு பங்கு இடம் வந்ததும் ‘மெம்பரம்மா’ பேச்சில் நிலைத்தது. பாதி இடம் ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2016-ல் வந்து 2019-ல் நடைமுறையானது. ஆனாலும் பல ஊர்களில் ஃபோனை எடுப்பவர் வீட்டுக்காரர்தான்.

ஒரு கிராம வார்டின் தேர்தல் வரலாற்றைத் தேடினால் இடைவெளிகளே அதிகம் கண்ணில் படும். 1970-க்கு அப்புறம் 1986. பத்து வருஷம் கழித்து, 1994 ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் 1996. பிறகு 2001, 2006, 2011 என்று ஒழுங்காகப் போனது. 2016 தேர்தல் அறிவிப்பு உயர் நீதிமன்றத்தில் ரத்தானது, மூன்று வருஷத்துக்கு மேல் உறுப்பினர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வாகம். கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டோம். அந்த உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

வார்டு எப்படிப்பட்டது என்பதற்கு 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சி 9-வது வார்டு இடைத்தேர்தல் நல்ல சான்று. ஒரு கட்சிக்காரர் கார் சின்னத்தில் நின்று ஒரே ஓட்டு வாங்கினார். “ஒத்த ஓட்டு” என்று நாடே சிரித்தது. அவருக்கும் வீட்டாருக்கும் ஓட்டு இருந்தது வேறு வார்டில். அதே ஊராட்சியின் வாக்காளர் எந்த வார்டிலும் நிற்கலாம், ஓட்டுப் போடுவது மட்டும் தன் வார்டில்தான்.

எண்ணை நம்பியும் வரலாறு எழுத முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வார்டுகளை மறுவரையறை செய்த பிறகுதான் 2019 தேர்தல் நடந்தது. அதற்கு முன் 3-வது வார்டில் இருந்த வலசு இப்போது 5-ல் இருக்கலாம். ஆகவே ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் வார்டு என்றே எழுதினாலும் சரி, குடும்பு என்று எழுதினாலும் சரி, எண்ணோடு ஆண்டையும் அதில் அடங்கிய வளவுகளின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.