எச்சரிக்கை காதில் விழுந்த பிறகு

புதிய தொற்று ஒன்று தலைகாட்டியதும் வெளியாகும் அரசு அறிக்கைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்." எந்த நாட்டு அறிக்கையைப் புரட்டினாலும் இது அகப்படும். உள்ளதை உள்ளபடி சொன்னால் மக்கள் தறிகெட்டு ஓடுவார்கள் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்று சமூகவியலாளர்கள் 1950-களிலேயே தேடத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி 1954-இல் பீதியின் இயல்பைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அவரும் அவர் வழி வந்தவர்களும் வெள்ளம், தீ, வெடிவிபத்து எனப் பல பேரிடர்களை நேரில் போய் ஆராய்ந்தார்கள். கண்மண் தெரியாமல் ஓடும் கூட்டம் அரிதாகவே அவர்கள் கண்ணில் பட்டது. தப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் அது மூடிக்கொண்டே வருகிறது என்று தோன்றும் சூழலில்தான் பீதி பிறக்கிறது. மற்ற நேரங்களில் மனிதர்கள் விழுந்தவரைத் தூக்கிவிடுகிறார்கள், குடும்பத்தைத் தேடுகிறார்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

அதிகாரிகள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் யாரும் உடனே அசைவதில்லை.

இதற்குச் சோம்பலோ அலட்சியமோ காரணம் இல்லை. ஆபத்து என்ற செய்தி வந்ததும் மனிதர் முதலில் அதை உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார். தொலைக்காட்சியைப் போடுகிறார், உறவினருக்குப் போன் செய்கிறார், அண்டை வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார். இது உண்மையா, என்னைத்தான் சொல்கிறார்களா, நான் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை இந்தத் தேடல் ஓயாது. எச்சரிக்கை ஆய்வில் பல பத்தாண்டுகள் உழைத்த டென்னிஸ் மிலெட்டி இந்த இடைவெளியைத்தான் திரும்பத் திரும்ப அளந்தார். நல்ல எச்சரிக்கையால் அதை அடியோடு நீக்க முடியாது, சுருக்க முடியும்.

அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்று காட்டிய நிகழ்ச்சி ஒன்று 2018 ஜனவரி 13 அன்று காலை ஹவாயில் நடந்தது. ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்று மாநிலம் முழுவதும் கைபேசிகளுக்குச் செய்தி போனது. தவறான எச்சரிக்கை அது. ஆனால் அதைத் திருத்தும் செய்தி கைபேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்திலும் அதற்குப் பின்னும் வெளியான ட்விட்டர் பதிவுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். முதல் 38 நிமிடப் பதிவுகளில் அச்சத்தின் கூடவே, செய்தி மெய்யா என்று சரிபார்ப்பதும், தெரிந்ததை மற்றவர்களுக்குப் பகிர்வதும் மேலோங்கி நின்றன. பொய் என்று தெரிந்த பிறகு வந்தவற்றில் அதிகாரிகள் மீதான அவநம்பிக்கையுடன் இன்னொரு குறையும் வெளிப்பட்டது: பாதுகாப்பான இடம் என்றால் எந்த இடம் என்பதே தங்களுக்குத் தெரியவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். செய்தி எட்டியது, என்ன செய்வது என்பது மட்டும் எட்டவில்லை.

எச்சரிக்கையில் இருக்க வேண்டியவை என்று ஆய்வுகள் ஐந்தைச் சொல்கின்றன: யார் சொல்கிறார்கள், என்ன ஆபத்து, எந்த இடம், எப்போது, என்ன செய்ய வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் தெரிகிறது. இந்த அறிவிப்பைப் பாருங்கள்: "குழாய் நீரில் கிருமிகள் கலந்திருக்க வாய்ப்புள்ளது. பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." விழிப்புடன் இருப்பது எப்படி? குழாயை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதா? அதையே இப்படியும் எழுதலாம்: "சுகாதாரத் துறை அறிவிப்பு. ஆற்றுக்கு வடக்கே உள்ள எல்லா வீடுகளிலும் குழாய் நீரில் கிருமிகள் இருக்கலாம். குடித்தால் கடும் வயிற்றுப்போக்கு வரும். இந்த நேரம் முதல், குடிக்கவும் சமைக்கவும் பல் துலக்கவும் வேண்டிய நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். அடுத்த அறிவிப்பு நாளை மாலை 6 மணிக்கு." இரண்டாவது நீளமானது. நீளமானால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவில் கைபேசி எச்சரிக்கைகள் 2012-இல் 90 எழுத்து வரம்போடுதான் தொடங்கின. ஆனால் சோதனைகளில் நீண்ட, முழுமையான செய்தியைப் படித்தவர்களே தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். மேலும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்களிடம் குறைந்தது. 2019 இறுதியில் வரம்பு 360 ஆக உயர்ந்தது.

வாக்கியம் எவ்வளவு சீராக இருந்தாலும், அதைக் கேட்பவர் ஆபத்தை அளக்கும் கோல் வேறு. நிபுணர் மரண எண்ணிக்கையைப் பார்க்கிறார். மற்றவர்கள் அது எவ்வளவு கொடூரமானது, எவ்வளவு புதியது, தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் விளக்கினார். இதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடும் நிபுணர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யார் முடிவெடுத்தார்கள், யார் தலையில் விடிகிறது என்று கேட்பது நியாயமான கணக்குதான். எண்களைச் சொல்லும் விதத்தில் நிபுணர்களும் சறுக்குகிறார்கள். 1995-இல் பிரிட்டனில், சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் இரு மடங்காகிறது என்று எச்சரித்தார்கள். 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பதே அதன் பொருள். "இரு மடங்கு" என்பது மட்டும் மனதில் தங்க, பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்பட்டது.

யார் தலையில் விடிகிறது என்ற கேள்விக்கு, 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமியைக் கடிதங்களில் வைத்து அனுப்பிய தாக்குதலைவிடக் கசப்பான உதாரணம் கிடைப்பது கடினம். அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் ஒரு செனட்டரின் அலுவலகத்தில் கிருமித்தூள் இருந்த கடிதம் பிரிக்கப்பட்டது. அங்கிருந்த ஊழியர்களுக்கு உடனே பரிசோதனை நடந்தது, கிருமியைக் கொல்லும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கிடைத்தது. அதே கடிதம் கடந்துவந்த பிரென்ட்வுட் அஞ்சல் மையத்திலோ, ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியேறாது என்ற அன்றைய அறிவியல் அனுமானத்தை நம்பி, ஆபத்து இல்லை என்று தொழிலாளர்களிடம் சொன்னார்கள். மையம் தொடர்ந்து இயங்கியது. சில நாட்களில் அங்கு வேலை பார்த்த இருவர் இறந்தார்கள். பிறகு பிரென்ட்வுட் தொழிலாளர்களுக்கும் மருந்து வந்தது. விரைவில் அது டாக்சிசைக்ளின் என்ற வேறு மருந்தாக மாறியது. மருத்துவக் கணக்கில் இரண்டும் சமம். டாக்சிசைக்ளின் விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலும் கறுப்பினத்தவரான அந்தத் தொழிலாளர்களின் கண்ணில் பட்டது வேறு: செனட்டுக்கு ஒரு மருந்து, எங்களுக்கு மலிவானது. கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை மறுத்து நோயின் போக்கைக் கவனித்த டஸ்கிகீ ஆய்வின் நினைவு அவர்களிடம் அழியாமல் இருந்தது. மருந்து ஏன் மாறியது என்பதை மாறுவதற்கு முன்பே யாராவது நேரில் நின்று சொல்லியிருக்க வேண்டும். பின்னர் அந்த ஆண்டின் டிசம்பரில் சோதனை நிலைத் தடுப்பூசியைக் கொடுக்க முன்வந்தபோது மிகச் சிலரே போட்டுக்கொண்டார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் எபோலா பரவியபோது, தொடக்கப் பிரசாரங்கள் "எபோலாவுக்கு மருந்து இல்லை" என்று அறிவித்தன. சொன்னது பொய் இல்லை. ஆனால் மருந்தே இல்லாத நோய்க்கு எதற்காகச் சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும்? நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முகமூடி அணிந்தவர்கள் வந்து உடலைக் கறுப்புப் பையில் போட்டு எடுத்துப்போனதும் சேர்ந்துகொள்ள, பல குடும்பங்கள் இறந்தவரை ரகசியமாகப் புதைத்தன. புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் சவ அடக்கத்தின்போது ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. 2014 நவம்பரில் அது வெளியிட்ட அடக்க நெறிமுறையை மானிடவியலாளர்களும் மதத் தலைவர்களும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். குடும்பத்தின் சம்மதம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. முஸ்லிம் உடல்களைத் தொட்டுக் குளிப்பாட்டுவதற்குப் பதிலாக, நீரில்லாத தூய்மைச் சடங்குக்கும் உடலைப் போர்த்தும் கஃபன் துணிக்கும் இடம் தரப்பட்டது. வெள்ளை துக்கத்துக்கும் மரியாதைக்கும் உரிய நிறமாக இருந்த இடங்களில் கறுப்புப் பைக்குப் பதில் வெள்ளைப் பை வந்தது. கிருமியைப் பற்றிய அறிவில் இந்த மாற்றங்களால் எதுவும் கூடவில்லை. உடலைப் பாதுகாப்பாக அடக்கம் செய்ய விட்டுக்கொடுக்கும் குடும்பங்கள் கூடின.

இவற்றையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க நெருக்கடியில் நேரம் கிடைக்காது. உலகுக்கே கவலை தரக்கூடியது என்று ஒரு நாடு மதிப்பிடும் நிகழ்வை அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2007 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச விதி. ஆகவே ஆயத்தம் என்பதில் மருந்துக் கையிருப்போடு, முன்கூட்டியே எழுதி, படிப்பவர்களிடம் கொடுத்துச் சோதித்த அறிவிப்புகளும் அடங்கும். யார் பேசுவது, எந்த மொழிகளில் பேசுவது என்பதும் அடங்கும். ஆந்த்ராக்ஸ் அனுபவத்துக்குப் பின் சிடிசியும், 2003-இன் சார்ஸ் தொற்றுக்குப் பின் உலக சுகாதார நிறுவனமும் இதற்கான வழிகாட்டிகளை உருவாக்கின. முழு விவரம் தெரியும் வரை காத்திருக்காமல் முதலிலேயே அறிவிப்பது இரண்டிலும் இடம்பெறும் அறிவுரை.

முழுதும் தெரியாமல் பேசினால் மதிப்பு போய்விடாதா? 2020-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இதைச் சோதித்தது. அதன் ஒரு பகுதி பிபிசி செய்தித் தளத்திலேயே நடந்தது. ஒரே எண்ணைச் சொல்லாமல் "இதிலிருந்து இது வரை இருக்கலாம்" என்று எல்லையோடு சொன்னபோது வாசகர்களின் நம்பிக்கை சற்றே குறைந்தது. "உறுதியாகத் தெரியவில்லை" என்று சொற்களால் மட்டும் மழுப்பியபோது கூடுதலாகக் குறைந்தது.

2021-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் கொரோனா தடுப்பூசியை வைத்து இதைவிடச் சங்கடமான ஒன்றைக் கண்டார்கள். டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனையில், தடுப்பூசியின் குறைகளை ஒளிக்காமல் சொன்னபோது போட்டுக்கொள்ளும் விருப்பம் குறைந்தது. அதே வேளையில் சுகாதார அதிகாரிகள் மீதான நம்பிக்கை கூடியது, சதிக் கதைகளுக்கு மவுசு குறைந்தது. பட்டும்படாமல் ஆறுதல் சொன்ன செய்தி விருப்பத்தையும் கூட்டவில்லை, நம்பிக்கையையும் குலைத்தது. எத்தனை பேருக்கு ஊசி போட்டாயிற்று என்ற கணக்கு நாள்தோறும் அதிகாரியின் மேசைக்கு வந்துவிடுகிறது. அவர் பேச்சை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்ற கணக்கு அந்த அறிக்கையில் இருப்பதில்லை. அடுத்த தொற்றில், அனேகமாக வேறொரு அதிகாரியிடம், வந்து சேர்கிறது.