அடி வாங்கினால் ஆயுள் கூடும்

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். கண்ணுக்கே தெரியாத அளவு லேசாக வளைத்தால்? அப்போதும் ஒடியலாம். என்ன, லட்சக்கணக்கான தடவை ஆகும். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு.

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஓடும்போதே முறிந்தது. வண்டி தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பாரம் தாங்கக்கூடிய அச்சு ஏன் திடீரென முறிகிறது என்பது அப்போது பெரிய புதிர். ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1850, 60-களில் அச்சுகளைச் சுழலவிட்டுப் பொறுமையாகச் சோதித்தார். ஒரே தடவை என்றால் சுலபமாகத் தாங்கும் பாரம், திரும்பத் திரும்ப வந்தால் அச்சை முறித்துவிடும் என்று நிரூபித்தார்.

சுழலும் அச்சு பாரத்தால் துளியூண்டு வளைகிறது. வளைவின் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். அரைச்சுற்றில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 3,140 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இந்த இழுபட்டு அமுங்கும் சுற்று 10 லட்சம் தடவை முழுதாக நடந்துவிடும். இதில் அச்சின் நடுப்பகுதிக்குக் கிட்டத்தட்ட எந்தச் சிரமமும் இல்லை. அத்தனை பாடும் மேல்தோலுக்குத்தான். கடைசல் கோடு, கீறல், துருப்பிடித்த பள்ளம் எல்லாம் இருப்பதும் அங்கேதான். அதனால் விரிசல் பெரும்பாலும் தோலில் பிறந்து உள்ளே நகர்கிறது.

சரி, தோலை வழவழப்பாக்கினால் போதுமா? உதவும்தான். ஆனால் அதைவிடக் கெட்டிக்கார வழி ஒன்று உண்டு. விரிசல் வாய் திறக்க இழுவிசை வேண்டும். அமுக்கினால் வாய் மூடிக்கொள்ளும். அப்படியானால் தோலை எப்போதும் அமுங்கிய நிலையிலேயே வைத்துவிட்டால்?

ஷாட் பீனிங் அதைத்தான் செய்கிறது. சின்னச் சின்ன எஃகு, கண்ணாடி அல்லது பீங்கான் குண்டுகளை வேகமாக அடித்து, பாகத்தின் மேற்பரப்பு முழுவதையும் பள்ளம் பள்ளமாக்குகிறார்கள். பார்த்தால் பாகத்தைப் பாழாக்குவது போலத்தான் இருக்கும். ஆனால் அடிபட்ட தோல் பக்கவாட்டில் பரவப் பார்க்கிறது. அடிபடாத கீழ் உலோகம் விடுவதில்லை. நெரிசல் பேருந்தில் மாட்டியவர் மாதிரி அந்தத் தோல் நிரந்தரமாக நெருக்குண்டு கிடக்கிறது. தோலில் 400 அலகு அமுக்கம் இருக்கும்போது வெளியிலிருந்து 300 அலகு இழுத்தால், கணக்குப்படி இன்னும் 100 அமுக்கம் மிச்சம். விரிசல் எங்கே திறப்பது? இத்தனைக்கும் இந்த அமுக்கப் படலத்தின் ஆழம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். லேசர் துடிப்புகளால் அடித்தால் 1 மில்லிமீட்டர், அதற்கு மேலும் போகும்.

அடி போதுமா என்று பார்க்க ஜான் ஆல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 76 மில்லிமீட்டர் நீள எஃகுப் பட்டை ஒன்றைத் தட்டையாகப் பிடித்துவைத்து, ஒரு பக்கம் மட்டும் அடிக்க வேண்டும். பிடியைத் தளர்த்தியதும், அடிபட்ட பக்கம் விரிந்து பட்டை வில்லாக வளையும். எவ்வளவு வளைந்தது என்று அளந்தால் அடியின் வலு தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அமுக்கத்தை ஒரு தகடு காட்டிக் கொடுக்கிறது!

இதையே வெப்பத்தாலும் செய்யலாம். கியர் பற்களின் தோலில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் கார்பனை ஊறவைத்து, சட்டென்று குளிர்விக்கிறார்கள். கார்பன் ஏறிய தோல் கடினமாவதோடு கொஞ்சம் பருக்கவும் பார்க்கும், உள்பகுதி விடாது, மறுபடி அதே நெரிசல். நைட்ரைடிங் என்ற இன்னொரு முறையில் நைட்ரஜனை ஏற்ற சுமார் 500 டிகிரி போதும், திடீர்க் குளிர்விப்பும் தேவையில்லை. அதனால் பாகம் அவ்வளவாகக் கோணிப்போகாது.

பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. கடின குரோமியம் முலாம் தேய்மானத்தைக் குறைக்கும். ஆனால் அந்தப் படலம் இழுவிசையோடும் நுண்விரிசல்களோடும்தான் உருவாகிறது. சோர்வு வலிமை பெரும்பாலும் குறைந்துவிடும். அதனால் முக்கியமான பாகங்களை முதலில் குண்டடித்துவிட்டு, அப்புறம்தான் முலாம் பூசுவார்கள். கவனமில்லாமல் சாணை பிடித்துச் சூடேற்றினாலும் தோலில் இழுவிசை தங்கிவிடும்.

தோல் அமுங்கினால் உள்ளே எங்கோ அது இழுவிசையாக ஈடுகட்டப்பட்டே ஆகவேண்டும். அளவுக்கு மீறி அடித்தால் தோலே கிழியும். அதிக வெப்பத்தில் ஓடும் பாகத்தில் அமுக்கம் மெல்லத் தளர்ந்துபோகும். நன்றாகப் பதப்படுத்திய பாகமும் ஒருநாள் முறியலாம். ஆனால் முறிந்த முகத்தைப் பார்த்தால், விரிசல் பல சமயம் தோலுக்கு அடியில், ஏதோ ஒரு கசடுத் துணுக்கைச் சுற்றி மீன்கண் போல வட்டமாகத் தொடங்கியிருக்கும்.