பீல் ஏரிகளின் சிறுமீன்கள் எதைத் தின்கின்றன?

மோலா என்ற சிறுமீனுக்கு இரைப்பை கிடையாது. புட்டி, தரிகானா என்ற மற்ற சிறுமீன்களுக்கும் கிடையாது. கெண்டைக் குடும்பத்து மீன்கள் எல்லாமே அப்படித்தான். தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்ததை நேராகக் குடலுக்கு அனுப்பிவிடும். மீன் எதைத் தின்றது என்று பார்க்க உட்காருபவருக்கு முதல் தலைவலி இதுதான். விராலை அறுத்தால் இரைப்பையில் முழுசாக ஒரு தவளையே கிடைக்கலாம். மோலாவை அறுத்தால் நூல் மாதிரி சுருண்ட ஒரு குடலும் அதற்குள் கொஞ்சம் பச்சைப் பசையும்தான்.

இந்தப் பசையைப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. இடம் அசாம். பிரம்மபுத்திராவும் பராக்கும் ஓடும் வெள்ளச் சமவெளியில் உள்ள ஏரிகளை அங்கே பீல் என்கிறார்கள். அவற்றில் பல, ஆறு தடம் மாறியபோது துண்டாகிப்போன பழைய வளைவுகள். மாநிலம் முழுக்கக் கூட்டினால் ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேர் வரும். அதில் ரோகு, கட்லா குஞ்சுகளை விட்டு வளர்ப்பவர்கள் சிறுமீன்களைப் பற்றி எப்போதும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: “இதுங்க தீனியை எல்லாம் தின்னுடுது.” எந்தத் தீனியை என்று கேட்டால் பதில் வராது.

குடலில்தான் அதற்குப் பதில் இருக்கிறது. காலையில் வீச்சுவலையில் பிடித்த மீனை உடனே கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட வேண்டும். இரவெல்லாம் செவுள்வலையில் தொங்கிய மீன் உதவாது, தின்றது பாதி செரித்திருக்கும். குடலின் முன்பகுதியை மட்டும் வெட்டி, உள்ளே இருப்பதைத் தண்ணீரில் கரைத்து, 1 மில்லி பிடிக்கும் கண்ணாடித் தகட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். மோலாவில் பச்சைப்பாசிகள், யூக்ளினா என்ற பச்சை நுண்ணுயிர், டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள், சில நேரம் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசிக் கட்டிகள், ஊடே ஒன்றிரண்டு ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகள். புட்டியில் பாசியோடு நீர்ச்செடித் துணுக்கும் மக்கிய குப்பையும் பூச்சித் துண்டும் கலந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். டயாட்டத்தின் ஓடு சிலிக்கா, கரையாது. மெல்லிய உடல் கொண்ட புழுவோ சீக்கிரமே கரைந்து அடையாளமில்லாமல் போய்விடும். பூச்சிப்புழுவும் தொண்டைப் பல்லில் நசுங்கிவிடுவதால் கைரோனோமிட் என்ற கொசு மாதிரிப் பூச்சியின் புழுவுக்கு இருக்கும் கெட்டியான தலை ஓட்டை எண்ணித்தான் எத்தனை என்று சொல்ல முடியும். வெறுமனே எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் டயாட்டம் எப்போதும் ஜெயிக்கும். அதனால்தான் ஒரு பொருள் எத்தனை மீனில் இருந்தது, எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்ற இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை மீன் ஆய்வாளர்கள் நடராஜனும் ஜிங்ரனும் 1961-இல் கொடுத்தார்கள். இந்தியாவில் மீன் உணவு பற்றிய அறிக்கைகளில் இன்றும் அந்தக் குறியீட்டை நிறையவே பார்க்கலாம்.

இன்னொரு சுலபமான சோதனையும் உண்டு. குடலின் நீளத்தை உடலின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். பொதுவாக ஒன்றுக்குக் கீழே வந்தால் அசைவம், மூன்றைத் தாண்டினால் பாசி, செடி தின்னி, இடையில் வந்தால் எல்லாம் தின்னி.

எனக்கு ரொம்பப் பிடித்தது கண்ணாடி மீன், அங்கே சந்தா என்பார்கள். உடம்புக்குள் எலும்பு தெரியும், பார்க்கச் சாது. குஞ்சாக இருக்கும்போது நீரில் மிதக்கும் சின்ன ஓட்டுயிர்களைத் தின்னும். வளர வளர மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்துவிடும். குடலைத் திறந்தால் வளையம் வளையமாகக் கோடு போட்ட செதில்கள் வரும். ஆக, சிறுமீன் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. தரிகானா மேல்மட்டத்தில் பூச்சியையும் கொசுப்புழுவையும் தேடும். நம் அயிரையின் சொந்தக்கார மீன் அடிச்சேற்றைச் சலிக்கும், அதன் குடலில் மணலும் இருக்கும். உழுவைக்குச் சின்ன மீனும் இறாலும்.

சரி, வளர்ப்பு மீனோடு போட்டியே இல்லையா? இருக்கிறது. மோலா தின்னும் பாசியைத்தான் வெள்ளிக் கெண்டையும் வடிகட்டித் தின்னும். ஆனால் அதற்காகக் குஞ்சு விடும்முன் இலுப்பைப் புண்ணாக்கைக் கொட்டிச் சிறுமீனை அழிப்பது குளத்துக்கே கணக்குச் சரிவராத வேலை, பீலுக்குச் சொல்லவே வேண்டாம். வங்கதேசத்தில் ஒரு காலத்தில் இவற்றை மருந்து போட்டு அழித்தார்கள். பிறகு குளங்களில் கெண்டையோடு மோலாவையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது கெண்டை விளைச்சல் குறையவில்லை. ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஆனால் குடலைப் பார்க்காமல் ‘தீனித் திருடன்’ பட்டம் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

உண்மையில் இந்த மீன்களின் சாப்பாட்டைக் கெடுப்பது வேறு. அசாமில் 1954-க்குப் பிறகு வெள்ளத்தடுப்புக் கரைகள் வேகமாக எழுந்தன, இன்று 4,000 கிலோமீட்டருக்கு மேல். பல பீல்களுக்கு ஆற்றோடு இருந்த வாய்க்கால் அடைபட்டுவிட்டது. வெள்ளம் வராவிட்டால் புதுத்தண்ணீரும் வண்டலும் வராது, புல்வெளி மூழ்கிக் கிடைக்கும் புழுபூச்சியும் கிடைக்காது, முட்டையிட வரும் மீனுக்கு வழியும் இல்லை. அப்புறம் ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் நல்லதுதான், அதன் வேரில் ஒட்டிய பாசியும் பூச்சியும் சிறுமீனுக்குத் தீனி. முழுக்க மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது, மிதக்கும் பாசி வளராது, மோலாவுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட பீலில் மக்கிய குப்பை தின்னும் மீன்கள்தான் தாக்குப்பிடிக்கும்.

இதெல்லாம் சாப்பிடுபவருக்கு எதற்கு? மோலாவில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதில் பெரும்பங்கு கண்ணிலும் உள்ளுறுப்புகளிலும் இருக்கிறது. தலையைக் கிள்ளிக் குடலைப் பிதுக்கிக் கழுவினால் அந்தச் சத்து சாக்கடைக்குப் போகும். சுண்ணாம்புச் சத்து வேண்டுமானால் முள்ளையும் சேர்த்து மெல்ல வேண்டும். சுத்தமான பீலில் பிடித்த மோலாவைத் தலையோடு குழம்பு வையுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் எல்லா பீலுக்கும் இது பொருந்தாது. குவஹாத்தியை ஒட்டிய தீபர் பீல் 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நகரக் கழிவுநீர் அதில்தான் வந்து கலக்கிறது, பல ஆண்டுகள் குப்பையும் அதன் பக்கத்திலேயே கொட்டப்பட்டது. இப்படிப்பட்ட தண்ணீரில் பாசியை வடிகட்டும் மீனும் சேற்றைச் சலிக்கும் மீனும் அந்தத் தண்ணீரில் இருப்பதையே குடலில் வைத்திருக்கும். அங்கே பிடித்ததென்று தெரிந்தால் குடலை நன்றாக எடுத்துவிடுங்கள். வாங்கும்போது விலையோடு சேர்த்து எந்த பீல் என்றும் கேளுங்கள். பிடித்து வருபவர்களுக்கு அது தெரியும்.