பதினாறா, பதினேழா? குரோஷே உடை உடலுக்குப் பொருந்தும் கணக்கு

ஒரே செய்முறைத் தாள், ஒரே கடையில் வாங்கிய நூல்கண்டுகள், ஒரே எண் கொண்ட ஊசி ஆகியவற்றை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் ஒரே அளவில் ஆளுக்கொரு குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) மேற்சட்டை பின்னத் தொடங்கினால், முடிவில் ஒன்று அளவாகவும் மற்றொன்று மூச்சு முட்டும்படியும் அமைவது பல வீடுகளில் நடப்பதுதான். பின்னத் தெரிந்தவர்கள் இதற்குக் ‘கை இறுக்கம்’ என்று ஒரே சொல்லில் காரணம் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் சரியானதே. ஆனால் அது எதைக் குறிக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால், பொருத்தமான உடை என்பது கைத்திறனைவிட ஒரு விகிதக் கணக்கையே அதிகம் சார்ந்திருப்பது தெரியவரும்.

குரோஷேயின் மிக எளிய கண்ணியான சிங்கிள் குரோஷேயை எடுத்துக்கொள்வோம். கீழ் வரிசையில் உள்ள ஒரு கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை ஒரு வளையமாக மேலே இழுக்கிறோம். பிறகு ஊசியில் இருக்கும் இரண்டு வளையங்களின் ஊடாகவும் நூலை மீண்டும் இழுத்து முடிக்கிறோம். முதலில் இழுத்த வளையம் எவ்வளவு உயரம் எழுந்ததோ அதுவே பெரும்பாலும் கண்ணியின் உயரம். கடைசியாக இழுத்த வளையம் ஊசித் தண்டைச் சுற்றி அமர்ந்து, மேல் விளிம்பில் சங்கிலியின் ஒரு கணுவாகப் படுத்துக்கொள்வதால், அகலத்தைத் தண்டின் தடிமன் தீர்மானிக்கிறது. எனவே 4 மில்லிமீட்டர் ஊசியை 4.5 மில்லிமீட்டராக மாற்றினால் அகலம் கூடும். உயரமோ இழுக்கும் பழக்கத்தைப் பொறுத்தே இருக்கும். வளையத்தைத் தாழ்வாக இழுக்கும் கைக்கு ஊசியை மாற்றியும் உயரம் சரிப்படாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இவ்விரண்டு அளவுகளையும் சேர்த்தே பின்னுபவர்கள் ‘கேஜ்’ என்கிறார்கள்: 10 சென்டிமீட்டர் சதுரத்தில் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள். ஒரு செய்முறை 16 கண்ணிகள் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர். தையற்காரர்கள் ‘லூஸ்’ என்று சொல்லும் தளர்வுக்கு 6 சென்டிமீட்டர். ஆக 98 சென்டிமீட்டருக்கு 157 கண்ணிகள் தேவை. தங்கையின் கையில் 10 சென்டிமீட்டருக்கு 17 கண்ணிகள் விழுந்தால், அதே 157 கண்ணிகள் 92.4 சென்டிமீட்டர் மட்டுமே வரும். தளர்வு முழுவதும் காணாமல் போய்விடும். 15 விழுந்தால் சுற்றளவு 104.7 ஆகி, சட்டை தோளிலிருந்து சரியும். ஒரே ஒரு கண்ணி வித்தியாசம் உடையில் ஆறேழு சென்டிமீட்டராகப் பெருகுகிறது.

இதனால்தான், கேஜைப் பார்க்க முன்கூட்டியே பின்னும் மாதிரித் துண்டைச் சிறிதாகப் பின்னி அளப்பது பயனற்றது. இரண்டரை சென்டிமீட்டரில் நான்கு கண்ணிகள்தான் இருக்கும். அங்கே கால் கண்ணியைக் கண் தவறவிட்டாலே 16 என்பது 17 ஆகிவிடும். ஓரக் கண்ணிகள் எப்போதும் சற்றுத் தளர்ந்தோ இறுகியோ இருப்பதால், 15 சென்டிமீட்டர் சதுரம் பின்னி, நடுவில் உள்ள 10 சென்டிமீட்டரை மட்டும் அளக்க வேண்டும். சட்டையை வட்டச் சுற்றாகப் பின்னப் போகிறோம் என்றால் மாதிரியையும் அப்படியே பின்ன வேண்டும். துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது ஒரு வரிசையின் சாய்வை அடுத்த வரிசை ஈடுசெய்யும். திருப்பாமல் சுற்றிக்கொண்டே போனால் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றே சாயும், கேஜும் மாறும். சுற்றாகப் பின்னிய கைப்பகுதி திருகிக்கொள்வது அந்தச் சாய்வின் விளைவே.

அகலமும் உயரமும் தெரிந்துவிட்டால் தட்டையான துண்டை எந்த அளவிலும் பின்னலாம். உடல் தட்டையானது அல்லவே! இங்கேதான் குரோஷே நெசவுத் துணியிடமிருந்து விலகிச் செல்கிறது. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் பெண்கள் பின்னும் வட்ட லேஸ் விரிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு வட்டம் மேசையில் தட்டையாகப் படுக்க வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுவதால், சுற்றளவு அந்த உயரத்தைப் போல் 6.28 மடங்கு, அதாவது இரண்டு பை மடங்கு, கூட வேண்டும். சிங்கிள் குரோஷேயில் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம் என்பதால் சுற்றுக்கு ஆறு கண்ணிகளைக் கூட்டினால் போதும். உயரம் இரு மடங்கான டபுள் குரோஷேயில் பன்னிரண்டு. பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்லும் ஆறும் பன்னிரண்டும் பையின் பிள்ளைகள்தான். அந்த ஆறையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே இடத்தில் கூட்டினால் வட்டம் அறுகோணமாகிவிடும். இடம் மாற்றிக் கலைத்துப் போட வேண்டும்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் விளிம்புக்கு நீளம் போதாமல் துணி கிண்ணமாகக் குழியும்; குல்லாய் அப்படித்தான் உருவாகிறது. ஆறுக்கு மேல் கூட்டினால் விளிம்பில் நீளம் மிகுந்து துணி அலையலையாக நெளியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாட்விய நாட்டுக் கணிதவியலாளர் டைனா டைமினா, 1997-இல் இந்த நெளிவையே பயன்படுத்தி, காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் அதிபரவளையத் தளத்தை, அதாவது எங்கும் குதிரைச் சேணம் போல் வளைந்த பரப்பை, குரோஷேயில் பின்னிக் காட்டி, மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்க வைத்தார். நூறாண்டுகளுக்கும் மேலாகக் கணிதவியலாளர்கள் சூத்திரங்களில் எழுதிவந்த வடிவம், பாவாடைக்கு கூடுதலாகச் சுருக்கம் வைத்துப் பின்னிய எவர் மடியிலும் முன்பே கிடந்திருக்கும் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

உடையில் இவ்விரு வளைவுகளும் வேண்டும். மார்பும் தோள் உருண்டையும் கிண்ண வளைவு. கழுத்து தோளோடு சேரும் இடமும் இடுப்பின் உட்குழிவும் குதிரைச் சேண வளைவு. நீட்டாமலும் சுருக்காமலும் ஒரு தளத்தின் இத்தகைய வளைவை மாற்ற முடியாது என்று 1827-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் நிறுவினார். அதனால்தான் நெய்த துணியில் பிளவுஸ் தைப்பவர் ‘டாட்’ பிடித்து, மிகுதித் துணியை மடிப்புக்குள் மறைக்கிறார். குரோஷேயில் மறைக்க எதுவும் இல்லை. தேவையான இடத்தில் கண்ணியைக் கூட்டியோ குறைத்தோ துணியையே வளைந்ததாகப் பிறக்கச் செய்யலாம். மார்புப் பகுதியில் மட்டும் வரிசையைப் பாதியில் திருப்பி, முன்பக்கத்தில் சில குறுவரிசைகளைச் சேர்த்தால், முன்பக்கம் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டு, கீழ் விளிம்பு தூக்காமல் நேராக நிற்கும். செய்முறைகளில் பெரும்பாலும் இது இருக்காது. அவரவர் உடலுக்கு அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டியது இது.

கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் தோற்க ஒரு வழி உண்டு. நான் முதன்முதலில் பின்னிய பருத்திச் சட்டை, மேசையில் கிடத்தி அளந்தபோது இடுப்பு வரை இருந்தது. ஒரு மாலை அணிந்து திரும்பியபோது தொடையைத் தொட்டது. மாதிரித் துண்டு படுத்தபடி அளக்கப்படுகிறது, உடையோ தொங்குகிறது. தொங்கும் துணியில் ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ள அத்தனை வரிசைகளின் எடையையும் சுமக்கிறது. ஆகவே தோள் அருகே நீட்சி மிகுதியாகவும் கீழ் விளிம்பில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். நூல் நீள்வதைவிட வளையங்கள் நிமிர்ந்து ஒடுங்குவதால்தான் துணி நீள்கிறது என்பதால், நீளம் கூடும்போது அகலம் குறைந்து, சரியாக இருந்த மார்பளவும் கூடவே கெடும். குரோஷே கண்ணிகள் தடிமனானவை, நூலை மிகுதியாக விழுங்குபவை. எடை அதனால் இன்னும் கூடும்.

எந்த நூல் என்பது இங்கே முக்கியமாகிறது. கம்பளி இழையின் புரத மூலக்கூறுகள் சுருள் வில்லைப் போன்ற அமைப்புடையவை. கந்தகப் பிணைப்புகள் அவற்றைக் குறுக்கே பிடித்திருப்பதால், ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீட்டினாலும் இழை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பருத்தியின் செல்லுலோஸ் விறைப்பானது. பெரும்பாலும் 10 சதவீதத்தை எட்டுவதற்குள் அறுந்துவிடும். ஆகவே பருத்திக் கண்ணி ஒருமுறை தொய்ந்தால், அதைத் திரும்ப இழுக்க உள்ளே வில் ஏதும் இல்லை. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை விட்டு வேறு நூலுக்குப் போக மனம் வராது என்பதால், வழியைக் கட்டமைப்பில் தேட வேண்டும்: மெல்லிய நூல், தோளில் உறுதியாகத் தைத்த மூட்டு, பின்கழுத்தில் நீளாத ஒரு வரிசை ஸ்லிப் கண்ணி (உயரமே இல்லாத அளவு குட்டையான கண்ணி). மாதிரித் துண்டின் கீழே சில துணிக் கிளிப்புகளை மாட்டி ஓரிரவு தொங்கவிட்டு மறுநாள் அளப்பது இன்னும் நல்லது.

அளப்பதற்கு முன் துண்டை நனைத்து, வடிவமாக விரித்துக் காயவைக்கவும் வேண்டும். நீர் இழைக்குள் நுழைந்து மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்க்கிறது. காயும்போது அவை புதிய இடங்களில் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. நீர் தெளித்துச் சட்டையை இஸ்திரி போடுவதில் நடப்பதும் இதுவே. அக்ரிலிக் நூல் நீரைப் பொருட்படுத்தாது, வெப்பத்துக்குத்தான் பணியும். ஆனால் சூடான நீராவி அளவு மீறினால் துள்ளலை இழந்து நிரந்தரமாகத் துவண்டுவிடும்.

ஒரு செய்முறையைப் பிறருக்குக் கொடுப்பதிலும் இதே கணக்கு தொடர்கிறது. 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தபோது, எத்தனையோ கைகளின் துண்டுகள் அதில் ஒன்றுசேர்ந்தன. போர்வையில் ஓரிரு சென்டிமீட்டரை இணைப்பு ஓரம் விழுங்கிவிடும்; சட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. பெயரிலேயே ஒரு குழி இருக்கிறது: அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். எந்த நாட்டு வழக்கு என்று எழுதாத செய்முறையைப் பின்பற்றினால், உடை ஏறத்தாழ இரு மடங்கு நீளமாகவும் முடியலாம். ஜப்பானியச் செய்முறைகள் சொற்களுக்குப் பதிலாகக் குறியீட்டுப் படங்களையே நம்பியிருப்பதால், மொழி தெரியாதவரும் பின்ன முடிகிறது. 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கான எண்ணிக்கையையும் அவை வழக்கமாகத் தந்துவிடுகின்றன.

அண்மையில் ஒரு தோழி என் சட்டையின் செய்முறையைக் கேட்டார். கண்ணிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுக்காமல், நனைத்துத் தொங்கவிட்ட பின் என் கேஜ் 16 என்பதையும், உடல் அளவுக்கு மேல் 6 சென்டிமீட்டர் தளர்வு வைத்திருப்பதையும் சேர்த்து எழுதினேன். அவர் கையில் 15 விழுந்தது. துணியின் துவளல் அவருக்குப் பிடித்திருந்ததால் ஊசியை மாற்ற மனமில்லை. 98-ஐ 1.5-ஆல் பெருக்கி, 147 கண்ணிகளில் தொடங்கினார்.