பழைய மரச்சட்ட வீட்டுக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

"வீடு ஒரு பக்கமா சாஞ்சிருக்கே, விழுந்துடாதா?" தெற்கு இங்கிலாந்தில் பழைய மரச்சட்ட வீடு வாங்க நினைப்பவர்கள், அவற்றைப் பழுதுபார்க்கும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பாதிரியார்கள் குடியிருந்த பழைய விகாரேஜ்கள் பல இன்று தனியார் வீடுகள். அப்படி ஒன்று விலைக்கு வந்தால் நம்மவர்களும் போய்ப் பார்க்கிறார்கள். எனக்குச் சாய்வைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. சுவரில் என்ன பூசியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இந்த வகை வீட்டைப் புரிந்துகொள்ள கிழக்கு சசெக்ஸில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கக்மியர் ஆற்றோரம், புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை ஒட்டி, வைக்கோல் வேய்ந்த ஒரு பாதிரியார் இல்லம் நிற்கிறது. வயது ஏறத்தாழ 600 ஆண்டு. 'வீல்டன்' வீடு என்று சொல்லப்படும் அமைப்பு அது. நடுவில் கூரைவரை திறந்த ஒரு கூடம். இரு பக்கமும் மாடியுள்ள அறைகள். மாடிகள் முன்புறம் கொஞ்சம் துருத்தி நிற்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை என்பதால், நடுக்கூடம் மட்டும் உள்வாங்கினாற்போலத் தெரியும்.

இத்தகைய வீடுகளில் ஆரம்பத்தில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரியும். புகை மேலே போய்க் கூரை வழியே கசியும். பல வீடுகளில் புகைபோக்கி 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்தது. பரண்மேல் ஏறி டார்ச் அடித்துப் பார்க்கும்போது கைமரங்களில் கரி அப்பியிருந்தால், கீழே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது என்று தயங்காமல் எழுதிவிடலாம். தயவுசெய்து அந்தக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். வீட்டின் பிறப்புச் சான்றிதழே அதுதான். ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரையும் பார்க்க வேண்டியது: சுண்ணப்பாறைத் தூளைக் கெட்டித்து, புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை.

இனி அந்தச் சாய்வு. அக்காலத் தச்சர்கள் வெட்டிய ஓக்கை ஈரம் காயும்முன்பே இழைத்தார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கடினம். பட்டறையிலேயே சட்டகத்தைப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் உளியால் அடையாளக் கோடு போட்டு, பிரித்து, மனையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு. இரண்டிலும் முளைக்கான, அதாவது மர ஆணிக்கான, ஓட்டைகளை வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள். ஓக் முளையை அடிக்கும்போது மூட்டு தானே இறுகிக்கொள்ளும். இரும்பு ஆணி என்றால் ஓக்கிலுள்ள துவர்ப்புச் சத்து அதை அரித்துவிடும். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், முறுக்கும், வளையும். நீங்கள் பார்க்கும் கோணல் பெரும்பாலும் வீடு கட்டிய முதல் சில ஆண்டுகளிலேயே வந்தது. புதிதாக அசைகிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பூச்சின் புது விரிசலும், மூட்டிலிருந்து வெளிவரும் நாக்கும் காட்டிக்கொடுக்கும்.

சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். மழையில் நனையும், காற்றில் உலரும். இதற்குமேல் யாரோ ஒரு நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசியதும்தான் ஆபத்து தொடங்குகிறது. மரம் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் அசையும், சிமென்ட் அசையாது. விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே போகும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை மிருதுவாக்கிய ஓக்கைத் தேடித்தான் மரம் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு வரும். வெளியே பார்த்தால் வெள்ளைவெளேரென்று சுவர். சுவரின் அடியில் கிடக்கும் மரமான அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்கும். வெளியே இழுத்தால் முனையில் ஈரமான பழுப்புத் தூள். இதை நான் பார்க்காத வருடமே இல்லை.

வண்டு ஓட்டை என்றதும் மருந்தடிக்க ஆள் தேடி ஓடாதீர்கள். 3 மில்லிமீட்டர் அளவுள்ள அந்த ஓட்டைகள் நூற்றாண்டுப் பழசாகவும் இருக்கலாம். கீழே வெளிறிய புதுத் தூள் உதிர்ந்திருந்தால்தான் உள்ளே உயிர் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். புழு வருடக்கணக்கில் மரத்தின் நடுவே இருக்கும். மேலே அடிக்கும் மருந்து அங்கே எட்டாது. ஈரத்தை நிறுத்துவதே வைத்தியம். பல வீடுகளில் முதல் செலவு ஒரு மண்வெட்டிதான்: பூச்செடிக்காகச் சுவரோரம் குவித்த மண் அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அடைத்த மழைநீர்க் குழாய் அடுத்தது.

ஆல்ஃபிரிஸ்டன் இல்லமும் தப்பியது மயிரிழையில்தான். பாதிரியார்கள் அங்கே வாழ்வதை விட்டபின், கூலித் தொழிலாளர்களின் குடியிருப்பாகப் பிரிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடிக்கும் நிலைக்கு வந்தது. அந்த ஊர்த் தேவாலயத்தின் அன்றைய பாதிரியார் (விகார்) பெய்னன் அதைக் காப்பாற்ற உதவி தேடினார். 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் தொடங்கிய, பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட், மறு ஆண்டே வெறும் 10 பவுண்டுக்கு அதை வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இது. பழுதுபார்த்தவர் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல். வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழி அவருடையது: புதிதுபோல் ஆக்காதே, பழுதை மட்டும் பார். இன்றும் நாங்கள் செய்வது அதையே. இற்றுப்போன நுனியை மட்டும் அறுத்து, புது ஓக்கை ஒட்டிணைப்பாகச் செருகுவோம். புதுசு புதுசாகவே தெரியட்டும், மறைக்க மாட்டோம். சட்டங்களுக்குக் கன்னங்கரேலென்று பெயின்ட் அடிக்கும் பழக்கமும் பல ஊர்களில் விக்டோரியா காலத்து மோகம்தான். ஓக்குக்கு அது தேவையே இல்லை.

வாங்குமுன் ஒன்று. இத்தகைய வீடுகள் பெரும்பாலும் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். அனுமதியில்லாமல் அவற்றின் தன்மையை மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய உரிமையாளர் செய்த மாற்றமாக இருந்தாலும், அதைச் சரிசெய்யச் சொல்லி கவுன்சில் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியும். சிமென்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதற்கே அனுமதி தேவைப்படலாம். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே, முந்தைய வேலைகளுக்கான அனுமதித் தாள்களை உங்கள் வழக்கறிஞர் (சொலிசிட்டர்) மூலம் கேட்டு வாங்குங்கள். மரச்சட்டகம் தெரிந்த சர்வேயரை அழைத்துப்போய், அடிச்சட்டத்தின் ஈரத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.